பாத்திரத்தில் வெட்டிய பெயர்

கதையில் ஓர் ஆளைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்ல வேண்டியதில்லை, அவர் வீட்டுச் சாமான் ஒன்றைச் சரியாகக் காட்டினால் போதும், மிச்சத்தை அது சொல்லிவிடும் என்று யாராவது மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன மாதம் அம்பத்தூரில் ஒரு நூலகத்தில் கூட்டம். கல்லூரி ஆசிரியர் ஒருவர் அதையேதான் பேசினார். பேசியதோடு விட்டாரா? மேடையில் உட்கார்ந்திருந்த என்னைக் கையால் காட்டி, "அம்மா எழுதிய தூக்குக் கதையைப் படியுங்கள். ஒரே ஓர் எவர்சில்வர் பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் பாவத்தையே காட்டியிருக்கிறார்" என்றார். கை தட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் கும்பிட்டேன்.

சால்வை போட்டவர்களிடம் என்னவென்று சொல்வது? அந்தப் பாத்திரத்தை நான் தப்பாகப் படித்தேன், என் தப்பால் ஒருத்தி தன் மகளை இழந்தாள் என்றா? மேடையில் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு வேறு எதிலும் மனம் போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்களுக்கு வீடு கிடைத்தது. என் வீட்டுக்காரருக்கு அங்கே டர்னர் வேலை. நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். பகலெல்லாம் தனியாக இருப்பேன். கதை எழுதுவேன், வாரப் பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். பாதி திரும்பி வரும்.

குடியிருப்பு வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. முன்னறை, பின்னறை, சமையலறை, அதற்கு மேலே ஒரு பரண். எல்லா ஜன்னலுக்கும் ஒரே பச்சைப் பெயின்ட். தொழிற்சாலையின் கேண்டீன் கடைக்கு ஒரு லாரியில் மிக்ஸி வந்து இறங்கினால் அடுத்த வாரம் எல்லா வீட்டிலும் அதே மிக்ஸி அதே சத்தம் போடும். கண்ணைக் கட்டி யார் வீட்டுக்குள் விட்டாலும் எனக்கு ஸ்விட்சைத் தேட வேண்டியிருக்காது. ஆக, ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் சின்னச் சாமான்களில்தான் தேட வேண்டும். நான் தேடினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன் என்றே சொல்லலாம். சர்க்கரை கடன் கேட்கிற சாக்கில் போய் நின்றுகொண்டு, யார் வீட்டில் சோப்பை இரண்டாக அறுத்து வைத்திருக்கிறார்கள், யார் வீட்டு நாள்காட்டியில் தாள் கிழிபடாமல் பத்து நாளாகக் கிடக்கிறது என்றெல்லாம் பார்த்துவிட்டு வருவேன். எங்கள் வரிசையில் ஒரு ஃபோர்மேன் வீட்டு சோபாவுக்குக் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை நான்கு வருடமாகப் பிரிக்கப்படவே இல்லை. அந்தக் குடும்பம் யாரையோ எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று ஒரு கதை எழுதினேன். அச்சில் வந்தது. 'பொருட்களைப் பேச வைக்கிறீர்கள்' என்று பத்திரிகையிலிருந்து ஒரு கார்டு போட்டிருந்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்தக் கார்டை வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன்.

அப்படி நான் காட்டியவர்களில் ஒருத்தி பக்கத்து வீட்டு அக்கா. அவள் இந்தப் பக்கத்து மனுஷி. சென்னீர்குப்பத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். கணவர் தொழிற்சாலையில் ஃபிட்டர், வாயில்லாத மனிதர். ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குப் படிப்பு மூன்றாவதோடு சரி, எழுத்தெல்லாம் மறந்து போயிருந்தது. கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உன்ன மெச்சிகினு எய்திக்கீறாங்களா? நல்லாரு, நல்லாரு" என்றாள். அன்றைக்கே கேசரி கிண்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அப்படித்தான். அடுத்தவர் சந்தோஷத்துக்குத் தன் வீட்டு ரவையைச் செலவழிப்பவள்.

மகள் என்றால் அவளுக்கு உயிர். பெண் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பாள். ஐந்து நிமிடம் தாமதமானால் தெருமுனை வரைக்கும் போய்விடுவாள். பெண்ணுக்குத் தலை பின்னுவதற்கே முக்கால் மணி நேரம் ஆகும். "போதும்மா, உடு" என்று அது கத்தும், இவள் விடமாட்டாள். "ஒண்ணு பெத்து வெச்சிகினு இவ்ளோ ஆட்டமா" என்று தெருவில் கேலி செய்வார்கள். அவள் சிரித்துக்கொள்வாள்.

அந்த வீட்டில் இரண்டு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லார் வீட்டுப் பரணும் திறந்து கிடக்கும். அட்டைப்பெட்டியும் பழைய வாளியுமாக அடைத்து வைத்திருப்பார்கள். அவள் வீட்டுப் பரணுக்கு மட்டும் ஒரு நீலப்பூப் போட்ட புடவையைத் திரை மாதிரி கட்டியிருந்தாள். இன்னொன்று, பிறந்த வீடு இருக்கும் சென்னீர்குப்பம் பஸ்ஸில் அரைமணி தூரத்தில் இருந்தும் அவள் மகளை அங்கே அழைத்துப் போனதே இல்லை. பொங்கலுக்கும் போகமாட்டாள். கேட்டால், "யாரு கீறாங்க அங்க" என்று பேச்சை மாற்றுவாள்.

ஒரு கோடையில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. எழுந்து நிற்க முடியாது. பதினைந்து நாள் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அவள்தான் சமைத்துப் போட்டாள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி, நான் குடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். ஒருநாள் கஞ்சி கொண்டுவந்தாள். வழக்கமான பாத்திரம் இல்லை. வாய் இறுக்கமாக மூடிய, நல்ல கனமான ஓர் எவர்சில்வர் தூக்கு. "நம்ம தூக்குல அவுரு சாப்பாடு எடுத்துகினு போய்ட்டாரு, அதான்" என்று வைத்துவிட்டுப் போனாள். போய் அரைமணி ஆகவில்லை, ஓடிவந்தாள்.

"அந்தத் தூக்கக் குடும்மா."

"இன்னும் குடிக்கலையேக்கா. கழுவித் தர்றேன்."

"வேணாம், வேணாம். வேற கிண்ணத்துல ஊத்திக்க. இத்தக் குடு."

பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது எங்கள் குடியிருப்பில் வழக்கமில்லை. ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். நான் சர்க்கரை டப்பாவைத் தேட, "சக்கர கிக்கர ஒண்ணும் வேணாம், நீ மொதல்ல குடு" என்று பறித்தாள். எப்போதும் இல்லாத பதற்றம். அந்தப் பதற்றம்தான் என்னைப் பார்க்க வைத்தது. தூக்கின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. கல்யாணப் பாத்திரத்தில் வெட்டுவார்களே, அந்த மாதிரி: மாப்பிள்ளை பெயர், பெண்ணின் பெயர், கல்யாணத் தேதி. மாப்பிள்ளை பெயர் அவள் கணவருடையது. பெண்ணின் பெயர் அவளுடையது இல்லை. அந்தப் பெயரின் மேல் மட்டும் யாரோ அரத்தால் ராவியது போலக் கீறல் கீறலாக இருந்தது.

ஐயோ, அந்த நேரத்தில் எனக்குள் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காமாலைக் கண்ணோடு படுத்திருந்தவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. கதை கிடைத்துவிட்டது! கஞ்சி கொடுத்தவள் முகம் ஏன் வெளுத்தது என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டால் ஏதாவது சாதாரணமாகச் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான் இருந்தது. திரை கட்டிய பரண், போகாத பிறந்த வீடு, இன்னொருத்தி பெயர், கீறல். நாலையும் கூட்டிப் பார்த்தேன். முதல் மனைவி ஒருத்தி இருந்திருக்கிறாள், இவள் நடுவில் வந்து அவளைத் துரத்திவிட்டு அவள் குழந்தையைத் தன் மகளாக்கிக்கொண்டிருக்கிறாள், அவளுடைய பாத்திரத்தை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் அழிக்கப் பார்க்கிறாள். என் மூளை அப்படித்தான் கூட்டியது.

உடம்பு தேறியதும் எழுதினேன். ஊரைக் கோயம்புத்தூர் ஆக்கினேன், தொழிற்சாலையை மில் ஆக்கினேன், பெயரை மாற்றினேன். நீலப்பூப் புடவையை மாற்றவில்லை. தூக்கை மாற்றவில்லை. அவற்றை மாற்றினால் உயிர் போய்விடும் என்று நினைத்தேன். கதையில் அந்தப் பெண் தினமும் மதியம், மகள் பள்ளிக்கூடம் போனபிறகு, பரணில் ஏறித் தூக்கை எடுத்துச் செங்கல் தூளால் பெயரைத் தேய்க்கிறாள். பெயர் போகவில்லை. அவள் விரல் நகம்தான் தேய்கிறது. அந்த வரியை எழுதியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. வெட்கங்கெட்ட சிலிர்ப்பு!

கதை வந்தது. அந்த வாரத்துச் சிறந்த கதை என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். இங்கே யார் படிக்கப் போகிறார்கள் என்று தைரியமாக இருந்தேன். குடியிருப்பில் பத்திரிகை வாங்குகிறவர்கள் சமையல் குறிப்பையும் ராசிபலனையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். ஒருத்தி மட்டும் என் வீட்டுக்கு வந்து, பழைய இதழ் புது இதழ் எல்லாவற்றையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பாள். அது பக்கத்து வீட்டுப் பெண்தான். அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த சமயம் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். என் வீட்டுக் கதவு அவளுக்கு எப்போதும் திறந்துதான் இருக்கும். அவளை மறந்தே போனேன். மறக்கக் கூடிய ஆளா அவள்?

மறுநாள் மதியம் வந்தாள். பள்ளிக்கூடம் போகவில்லை. முழங்கையெல்லாம் பரண் தூசி.

"ஆன்ட்டி, இது எங்க ஊடுதானே?"

"எதும்மா?"

"கத. பேர மட்டும் மாத்திட்டீங்க. மத்ததெல்லாம் மேல அப்டியே கீது. நான் ஏறிப் பாத்துட்டேன்."

"கற்பனைம்மா அது. சும்மா கதை."

"தூக்குல கீற பேரும் கற்பனையா?"

"உங்கம்மாகிட்ட கேளு" என்றேன்.

"எந்த அம்மாகிட்ட?" என்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த நாள் அக்கா வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று கதவருகிலேயே நின்றேன். அவள் சத்தம் போடவில்லை. முன்னறைத் தரையில் உட்கார்ந்து பத்திரிகையை என் பக்கம் தள்ளினாள்.

"படி."

"அக்கா..."

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஒனக்குத் தெரியும்ல. நீ இன்னா எய்திக்கீறேன்னு நானும் கேக்கறேன். படி."

படித்தேன். நான் எழுதிய கதையை, யாரைப் பற்றி எழுதினேனோ அவள் முன்னால் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தேன். அப்படி ஒரு தண்டனை வேறு எந்த எழுத்தாளருக்கும் கிடைத்திருக்காது. முதல் மனைவியை வீட்டை விட்டு அனுப்பும் இடம் வந்தபோது அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். செங்கல் தூள் வந்தபோது என் குரல் இறங்கிவிட்டது. "கேக்கல, உரக்கப் படி" என்றாள். முடித்தேன்.

"அது என் அக்கா பேரும்மா" என்றாள்.

"எங்க அக்காவத்தான் மொதல்ல அவுருக்குக் கட்டிக் குடுத்தாங்க. பாத்திரமெல்லாம் எங்க அப்பா பூந்தமல்லில வாங்கி, பேரு வெட்டிக் குடுத்தாரு. இது எட்டு மாசக் கொயந்தையா கீறப்போ அக்கா காச்சல்ல செத்துப் பூட்டா. கொயந்தைய வேற எவ கையிலயும் குடுக்க முடியாதுன்னு எங்க அப்பா என்ன கட்டி வெச்சாரு. எனக்குன்னு ஒண்ணு வேணான்னு நான்தான் சொன்னேன். ஒண்ணு பொறந்துச்சுன்னா, என் கை ஒரு நாளு அந்தப் பக்கமா சாஞ்சிடுமோன்னு பயம்."

"கீறல்?" என்று கேட்டேன் பாருங்கள். அந்த நிமிடத்திலும் எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

"அவுரு பண்ணது. அந்தப் பேரப் பாக்க முடிலன்னு அரத்த எடுத்துகினு வந்து ராவுனாரு. நான்தான் கையப் புடிச்சித் தடுத்தேன். மூட்டையா கட்டி மேல போட்டு, சீலையக் கட்டி வுட்டேன். எங்க அக்காளுக்குன்னு வேற இன்னா கீது? ஒரு போட்டா கூடப் புடிக்கல. அந்தப் பேரு ஒண்ணுதான். இவ கல்யாணத்தன்னிக்கு அதெல்லாம் எறக்கி, இந்தாடி, இது உன்னப் பெத்தவளுது, நான் அவ தங்கச்சின்னு சொல்லிக் குடுக்கலாம்னு கீறேன். ஊர்ல போனா எவளாவது சொல்லிடப் போறான்னு அங்கயும் போவாம கெடந்தேன். இன்னும் ஒரு அஞ்சாறு வருசம். அதுக்குள்ள நீ சொல்லிட்ட."

அவள் காத்ததை அழித்ததாக எழுதியிருக்கிறேன். எழுத்துத் தப்பென்றால் திருத்தலாம். இதை எதைக் கொண்டு திருத்துவது? தூக்கு பொய் சொல்லவில்லை. அதில் இருந்தது ஒரு பெயர், ஒரு தேதி, நாலு கீறல். அவ்வளவுதான். மிச்சம் முழுக்க என்னுடையது. கதைக்குள் ஒரு பாத்திரம் வந்தால் அதற்கு நான் கொடுத்த அர்த்தம் ஒன்றுதான் இருக்கும். வீட்டில் இருக்கும் பாத்திரத்தை எத்தனை பேர் தொட்டார்களோ அத்தனை அர்த்தம் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ள நான் அடுத்தவள் குடும்பத்தில் மண்ணை அள்ளிப் போட வேண்டியிருந்தது.

"நான் பேசுறேன்கா, அவகிட்ட நான் சொல்றேன்" என்று அழுதேன். மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். காலில் விழாத குறையாகச் சொன்னேன். "நான் கற்பனை பண்ணி எழுதினது தப்பு. உங்கம்மா சொல்றதுதான் நிஜம்."

அந்தப் பெண் அழவில்லை. "இவ்ளோ வருசமா அம்மா அம்மான்னு பொய் சொன்னவங்க, இப்ப மட்டும் நெஜம் சொல்லுவாங்களா ஆன்ட்டி? எங்கப்பாவும் சேந்துதானே மறைச்சாரு? இந்த ஊட்டுல மொதல்ல நெஜத்தச் சொன்னது நீங்கதான்" என்றாள்.

அவள் கணக்கு அவ்வளவுதான். பதினான்கு வயதுப் பெண்ணிடம் அதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது? சென்னீர்குப்பத்துச் சொந்தக்காரர்கள் வந்து சொன்னார்கள். அவர்களும் மறைத்தவர்கள்தானே என்றாள். தகப்பன் ஒரே ஒரு முறை, "அவ செத்துட்டாம்மா, காச்சல்ல செத்துட்டா" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். மற்றபடி அந்த மனிதர் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் கொஞ்சம் மாறியிருக்குமோ என்னவோ. அந்தப் பெண் அதன்பிறகு அவளை அம்மா என்று கூப்பிடவில்லை. சித்தி என்றும் கூப்பிடவில்லை. கூப்பிடுவதையே விட்டுவிட்டது. தலையைத் தானே பின்னிக்கொண்டது. மாலையில் அக்கா வாசலில் வந்து நிற்பாள். அது ஒருத்தி நிற்கிறாள் என்பதே தெரியாதது போல உள்ளே போகும். பார்க்கச் சகிக்காது. நான் என் கதவைச் சாத்திக்கொள்வேன்.

நிஜத்தை அப்படியே இன்னொரு கதையாக எழுதிப் பார்த்தேன். அச்சில் வந்ததைத்தானே அது நம்புகிறது, இதையும் நம்பட்டும் என்று ஒரு நப்பாசை. அதே பத்திரிகைக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. 'உருக்கமாக இருக்கிறது. ஆனால் இப்படி ஒரு பெண் இருப்பாள் என்று நம்பும்படி இல்லை. உங்கள் முந்தைய கதையில் இருந்த இயல்பு இதில் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டேன். வேறு இரண்டு இடத்துக்கும் அனுப்பினேன், அவர்களும் போடவில்லை. அடப்பாவிகளா, பொய்க்குக் கட்டம் கட்டினீர்களே என்று சமையலறையில் தனியாகக் கத்தினேன்.

பிறகு எல்லாம் அதனதன் போக்கில் போனது. அந்தப் பெண் விடுதியில் தங்கிப் படித்தது. வேலைக்குப் போனது. தொண்ணூறுகளில் கல்யாணம் ஆனது. என்னை நேரில் வந்து அழைத்தது. மணவறையில் தாய் நிற்க வேண்டிய இடத்தில் அத்தை முறை ஒருத்தி நின்றாள். அக்கா பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "நல்லா சாப்பிடும்மா" என்று என் இலையில் இரண்டு கரண்டி ஊற்றினாள். நான் எப்படி விழுங்கினேன் என்று கேட்காதீர்கள்.

அவள் கணவர் ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்துகொண்டு சென்னீர்குப்பத்தில் அவள் அண்ணன் வீட்டுப் பக்கத்தில் ஒரு போர்ஷனுக்குப் போனார்கள். போன ஒரு வருடத்துக்குள் அவர் போய்விட்டார். மகள் வந்தாள், தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாள், போனாள். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருடம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்து, ஒன்றும் செய்வதற்கில்லை என்று மூடி அனுப்பிவிட்டார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். கட்டிலில் கைப்பிடி அளவுதான் இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ மொகப்பேர்லதானே கீறா? நீ சொன்னா கேப்பா. ஒரு தபா வந்து மூஞ்சக் காட்டிட்டுப் போவச் சொல்லும்மா. பேச வேணாம். சொம்மா வந்து நின்னாப் போதும்" என்றாள். நான் சொன்னால் கேட்பாள்! அந்த நம்பிக்கை அவளுக்கு எங்கிருந்து வந்ததோ.

மறுநாளே பஸ் பிடித்து முகப்பேருக்குப் போனேன். வீட்டு வசதி வாரியத்து ஃபிளாட், இரண்டாவது மாடி. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் அப்படியே கட்டிக்கொண்டது. காபி போட்டது, முறுக்கு வைத்தது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்துவந்தது. என் கதை. பத்திரிகைத் தாள் பழுத்துவிடும் என்று ஜெராக்ஸ் எடுத்து, அதற்கு மேல் பிளாஸ்டிக் போட்டு வைத்திருந்தது.

"எங்கம்மாவுக்கு ஒரு போட்டோ கூட இல்ல ஆன்ட்டி. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். அவங்கள வீட்ட விட்டு அனுப்பற எடம் வரும்ல, அத எத்தன தடவ படிச்சிருப்பேன் தெரியுமா? படிக்கறப்ப எங்கம்மா மூஞ்சி தெரியற மாதிரி இருக்கும்."

"அது நான் சும்மா எழுதினதும்மா. அப்படி நடக்கவே இல்லை. உங்கம்மா காய்ச்சல்ல செத்தாங்க. உன்னை எட்டு மாசக் குழந்தையிலேர்ந்து தூக்கி வளர்த்தது..."

"நீங்க நல்லவங்க. சாகப்போறவங்களுக்காகப் பேசறீங்க" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தது. "பார்க்காம, தெரியாம யாராலயும் அப்படி எழுத முடியாது ஆன்ட்டி."

என்னால் எழுத முடிந்ததே, அதுதானடி சாபம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த ஃபைலில் இருக்கும் அம்மாவையும் அதனிடமிருந்து பிடுங்கிக்கொண்டதாகும். பிடுங்கிக்கொண்டாலும் அது சென்னீர்குப்பத்துக்கு வரப்போவதில்லை. குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரம் ஆகிவிட்டது என்று எழுந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து என்னை ஏற்றிவிட்டது. அவ்வளவு மரியாதை, அவ்வளவு பிரியம் எனக்கு!

அங்கிருந்து நேரே சென்னீர்குப்பத்துக்குப் போனேன். மாலை ஐந்து மணி இருக்கும். அண்ணன் மனைவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா விழித்துத்தான் இருந்தாள்.

"பாத்தியா? இன்னா சொன்னா?"

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது ஒன்று. அந்த முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது வேறு.

"அழுதா அக்கா. குழந்தைக்கு ஜுரம், அதான் உடனே கிளம்ப முடியலைன்னா. ஞாயித்துக்கிழமை வர்றேன்னா. அம்மா எதாவது சாப்பிடறாங்களான்னு கேட்டா."

"அம்மான்னா சொன்னா?"

"ஆமாக்கா."

அவள் என்னையே பார்த்தாள். "நீ கத எய்தறவ. ஒன்ன நம்பலாமாம்மா?" என்றாள்.

"நம்புக்கா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தலை வாரிவிடச் சொன்னாளாம். நல்ல புடவையாக ஒன்று கேட்டாளாம். கட்டிலை வாசல் பக்கமாகத் திருப்பிப் போடச் சொல்லி, பொழுது சாயும் வரைக்கும் கண்ணை எடுக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள் என்று அவள் அண்ணன் மனைவி பிறகு சொன்னாள். நான் அன்றைக்குப் போகவில்லை.